ஓடும் வண்டியில் காவல்

இரவு பத்து மணிக்கு மேல் புறநகர் மின்சார ரயிலில் நீங்கள் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்குள் காலடி வைத்ததும் முதலில் என்ன செய்கிறீர்கள்? காலி இருக்கையைத் தேடுவதற்கு முன்பே, அங்கே வேறு யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை கண்ணை ஓட்டுகிறீர்கள் அல்லவா? குழந்தையோடு ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தால் மனம் நிம்மதி அடைகிறது. யாருமே இல்லையென்றால் சற்றுத் தயங்குகிறீர்கள். இறங்கி அடுத்த பெட்டிக்கு ஓடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

இந்தத் தயக்கத்தை வெறும் பயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். பொது வண்டிகளில் பாதுகாப்பு என்பதைப் பற்றி ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பல நாடுகள் அனுபவத்தில் கண்ட உண்மையின் சாரம் அதில் அடங்கியிருக்கிறது. பயணிக்கு ஆபத்து நேர்ந்தால் அதை யாராவது பார்க்க வேண்டும். அவருடைய குரல் யாருக்காவது கேட்க வேண்டும். கேட்டவர் உதவிக்கு வந்து சேர வேண்டும். பார்த்தல், கேட்டல், வந்து சேர்தல் என்னும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் காவல் இல்லை என்றுதான் பொருள்.

போலீஸ்காரர்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது எவ்வளவு தூரம் உண்மை? வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

வண்டியை முந்திய செய்தி

ரயில் வந்த புதிதில் அதைவிட வேகமாகச் செல்லும் வாகனம் உலகில் வேறு எதுவும் இல்லை. குற்றம் செய்த ஒருவன் ரயிலில் ஏறிவிட்டால் அவனைத் துரத்திப் பிடிக்க வழியே கிடையாது. இந்த நிலையை மாற்றியது தந்தி.

1845 ஜனவரி 1 அன்று இங்கிலாந்தில் ஸ்லவ் என்ற ஊருக்கு அருகே ஒரு பெண் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டாள். கொலையாளி ஜான் டாவெல் ஸ்லவ் நிலையத்துக்கு விரைந்து சென்று, லண்டனுக்குப் புறப்பட்ட மாலை வண்டியில் ஏறிக்கொண்டான். லண்டனின் பேடிங்டன் நிலையம் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். வண்டி போய்விட்டது, ஆனால் இருப்புப்பாதை ஓரமாகத் தந்திக் கம்பி போடப்பட்டிருந்தது. அந்த மனிதன் 'குவேக்கர்' என்ற மதப் பிரிவினரைப் போல உடை உடுத்தியிருக்கிறான் என்று ஸ்லவ் நிலையத்தார் பேடிங்டனுக்குச் செய்தி அனுப்பினார்கள். இதில் ஒரு வேடிக்கை. அந்தத் தந்திக் கருவியில் 'க்யூ' என்ற ஆங்கில எழுத்துக்கு இடமில்லை! ஆகவே 'கே', 'டபிள்யூ' என்ற எழுத்துக்களைச் சேர்த்து அந்தச் சொல்லை ஒருவாறு அனுப்பினார்கள். மறுமுனையில் இருந்தவருக்கு அது என்ன சொல் என்று முதலில் விளங்கவில்லை. திரும்பக் கேட்டுத்தான் புரிந்துகொண்டார். டாவெல் பேடிங்டனில் இறங்கியபோது அவனைப் பின்தொடர ஒரு போலீஸ் அதிகாரி காத்திருந்தார். மறுநாள் அவன் கைதானான். தந்தியின் துணையால் குற்றவாளி ஒருவன் பிடிபட்ட இந்த நிகழ்ச்சி அக்காலத்தில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது.

வண்டியை விட வேகமாகச் செய்தி ஓடத் தொடங்கிவிட்டது. அப்படியானால் பயணிக்குப் பாதுகாப்பு கிடைத்துவிட்டதா? இல்லை. ஊருக்கு ஊர் பேச முடிந்ததே தவிர, ஒரே வண்டியில் பக்கத்துப் பெட்டிக்காரரோடு பேச வழி இல்லாமல் இருந்தது. அதன் விளைவு 19 ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது.

பூட்டிய அறைக்குள் ஒரு கொலை

அக்காலத்து ஆங்கிலேய ரயில் பெட்டிகள் நம் காலத்துப் பெட்டிகளைப் போன்றவை அல்ல. ஒரு பெட்டி பல தனித்தனி அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் அறைக்கும் வெளிப்புறமாக மட்டுமே கதவு. அறைக்கு அறை செல்ல நடைவழி கிடையாது. வண்டி புறப்பட்டுவிட்டால், அடுத்த நிலையம் வரும்வரை அந்த அறைக்குள் இருப்பவர்கள் உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டவர்களே.

1864 ஜூலை 9 அன்று இரவு லண்டனில் தாமஸ் பிரிக்ஸ் என்ற வங்கி அதிகாரி வீடு திரும்ப முதல் வகுப்பில் ஏறினார். சிறிது நேரம் கழித்து அவர் தண்டவாளத்தின் ஓரத்தில் அடிபட்டுக் குற்றுயிராகக் கிடக்கக் கண்டார்கள். மறுநாள் இறந்துபோனார். அவருடைய தங்கக் கடிகாரம் பறிபோயிருந்தது. அவர் பயணம் செய்த அறையில் இரத்தக் கறையும், வேறொருவருடைய தொப்பியும் இருந்தன. பிரிட்டனில் ஓடும் ரயிலில் நடந்த முதல் கொலை இதுவே.

கொலையாளி பிரான்ஸ் முல்லர் என்ற தையற்காரன் என்று துப்புக் கிடைத்தபோது அவன் பாய்மரக் கப்பலில் அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டிருந்தான். துப்பறியும் அதிகாரிகள் நீராவிக் கப்பலில் ஏறி, அவனுக்கு முன்பே நியூயார்க் போய்ச் சேர்ந்து காத்திருந்தார்கள்! அவன் பிடிபட்டு, அதே ஆண்டு நவம்பரில் தூக்கிலிடப்பட்டான்.

குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்துவிட்டது. ஆனால் மக்களின் அச்சம் தீரவில்லை. "எத்தனை போலீஸ் இருந்து என்ன? அந்த அறைக்குள் நான் கூவினால் யாருக்குக் கேட்கும்?" என்பதே ஒவ்வொரு பயணியின் கேள்வியாக இருந்தது. சில ரயில் கம்பெனிகள் அறைகளுக்கு இடையேயுள்ள தடுப்பில் வட்டமான கண்ணாடித் துளைகளை வைத்தன. கொலையாளியின் பெயராலேயே அவை 'முல்லர் விளக்குகள்' என்று அழைக்கப்பட்டன. 1868-ல் ஒரு சட்டம் வந்தது. 20 மைலுக்கு மேல் நிற்காமல் செல்லும் வண்டிகளில், பயணிகள் வண்டி ஊழியர்களுக்குச் செய்தி தெரிவிக்கும் சாதனம் கட்டாயம் இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். முதலில் பெட்டிக்கு வெளியே, கூரை விளிம்பின் ஓரமாக ஒரு கயிற்றைக் கட்டினார்கள். ஜன்னலைத் திறந்து, கையை வெளியே நீட்டி அதை இழுக்க வேண்டும். கழுத்தை ஒருவன் நெரிக்கும்போது இது நடக்கிற காரியமா? ஆகவே அந்தக் கயிறு பின்னர் சங்கிலியாகி, பெட்டிக்கு உள்ளே வந்து சேர்ந்தது. இன்று நம் ரயில் பெட்டிகளில் நாம் பார்க்கும் அபாயச் சங்கிலியின் பூர்வீகம் இதுதான்.

சங்கிலியை இழுத்தால் என்ன நடக்கிறது?

அபாயச் சங்கிலி என்ஜினை நிறுத்தும் கருவி என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். உண்மையில் அது பிரேக்கோடு தொடர்பு கொண்டது.

ஒரு ரயில் வண்டியின் முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை ஒரு காற்றுக் குழாய் செல்கிறது. அதில் அழுத்தப்பட்ட காற்று எப்போதும் நிறைந்திருக்கும். நம் நாட்டு வண்டிகளில் அந்த அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோகிராம். குழாயில் இந்த அழுத்தம் இருக்கும்வரை பிரேக் பிடிக்காது. அழுத்தம் குறைந்தால்தான் பிடிக்கும்! ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் தனியாக ஒரு காற்றுத் தொட்டி இருக்கிறது. குழாயில் அழுத்தம் இறங்கியதும் ஒரு வால்வு இயங்கி, தொட்டியில் உள்ள காற்றைப் பிரேக் உருளைக்குள் செலுத்துகிறது. அது பிரேக் கட்டைகளைச் சக்கரத்தின் மீது அழுத்துகிறது.

நீங்கள் சங்கிலியை இழுக்கும்போது அந்தக் குழாயில் ஒரு சிறு வழி திறக்கிறது. காற்று 'உஸ்' என்று வெளியேறுகிறது. ஓட்டுநரின் முன்னால் உள்ள காற்றழுத்தமானியில் முள் இறங்குகிறது. எங்கோ சங்கிலி இழுக்கப்பட்டிருக்கிறது என்று அவர் உணர்ந்து வண்டியை நிறுத்துகிறார். எந்தப் பெட்டி என்பதைக் காற்று வெளியேறும் ஓசையாலும், பெட்டியின் பக்கவாட்டில் எரியும் விளக்காலும் ஊழியர்கள் கண்டுபிடிக்கிறார்கள்.

எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. வண்டி நிற்கும் இடம் ஆள் அரவமற்ற வயல்வெளியாக இருக்கலாம். உதவி அங்கே வந்து சேர நேரமாகும். குற்றவாளி இருட்டில் இறங்கி ஓடிவிடவும் கூடும். அதனால்தான் இன்றைய மெட்ரோ ரயில்களில் வேறு முறையைக் கையாளுகிறார்கள். பெட்டியில் உள்ள பொத்தானை அழுத்தினால் பயணி ஓட்டுநரோடு நேராகப் பேசலாம். வண்டியைச் சுரங்கத்தின் நடுவில் நிறுத்தாமல், ஆட்கள் தயாராக நிற்கும் அடுத்த நிலையத்துக்கே கொண்டுபோய் நிறுத்தலாம். கேட்டல் மட்டும் போதாது. வந்து சேர்தலும் வேண்டும் என்ற பாடம் இதில் இருக்கிறது.

வண்டிக்கு ஒரு போலீஸ்

போலீஸ் எண்ணிக்கைக்கு வருவோம். இதை ஒரு நகரம் பெரிய அளவில் சோதித்தே பார்த்துவிட்டது.

நியூயார்க் நகரின் சுரங்க ரயில்களில் 1960-களில் கொள்ளைகள் பெருகின. 1965 ஏப்ரலில் மேயர் ராபர்ட் வாக்னர் ஓர் அதிரடி உத்தரவு பிறப்பித்தார். இரவு 8 மணி முதல் காலை 4 மணி வரை ஒவ்வொரு வண்டியிலும் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு போலீஸ்காரர் நிற்க வேண்டும் என்பதே அது. சுமார் 1,200 பேர் இருந்த ரயில் போலீஸ் படை 3,100 பேருக்கு மேலாக உயர்ந்தது.

பலன் என்ன? இதை ஆராய்ந்த ராண்ட் நிறுவனத்தார் 1974-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரவு நேரக் குற்றங்கள் குறைந்தன. வியப்பு என்னவென்றால், காவல் கூட்டப்படாத பகல் நேரத்திலும் முதல் சில மாதங்களுக்குக் குற்றம் குறைந்தது. எங்கே போலீஸ் இருக்கிறது, எங்கே இல்லை என்று திருடர்களுக்குத் தெரிய அவ்வளவு காலம் பிடித்தது! தெரிந்த பிறகு பகல் குற்றங்கள் மீண்டும் ஏறத் தொடங்கின. செலவோ மலைக்க வைத்தது. ஒரு பெருங்குற்றத்தைத் தடுக்கச் சுமார் 35,000 டாலர் ஆயிற்று என்று கணக்கிட்டார்கள்.

கதை இதோடு முடியவில்லை. காவல் மிகுந்த நேரத்தில் நடந்த சில குற்றங்கள், காவல் குறைந்த நேரத்தில் நடந்தவை போல் போலீஸ் பதிவேடுகளில் மாற்றி எழுதப்பட்டிருந்தன என்பது பின்னால் தெரியவந்தது. எடைக்கல்லே பொய்யானால் நிறுத்த சரக்கின் எடையை எப்படி நம்புவது? எந்தப் பாதுகாப்புத் திட்டமும் உண்மையான கணக்கின் மீதுதான் நிற்க முடியும் என்பதை மறந்துவிடக் கூடாது.

அதே நகரத்தில் இன்னொரு சோதனையும் நடந்தது. இதற்குப் போலீஸே தேவைப்படவில்லை. அங்குள்ள பஸ்களில் கண்டக்டர் கிடையாது. ஓட்டுநரே பணம் வாங்கிச் சில்லறை கொடுப்பார். அவரிடம் எப்போதும் பணம் இருந்ததால் கொள்ளையர் அவரைக் கத்தி முனையில் மிரட்டிப் பறித்தார்கள். 1969 ஆகஸ்ட் 31 முதல் ஒரு புது விதி வந்தது. பயணி சரியான கட்டணத்தை எண்ணி, பூட்டிய உண்டியலில் தாமே போட வேண்டும். ஓட்டுநரிடம் சில்லறையும் கிடையாது. உண்டியலின் சாவியும் கிடையாது. அடுத்த ஓராண்டில் பஸ் கொள்ளைகள் ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்துபோயின! ஆயினும் பஸ்ஸை விட்ட கொள்ளையரில் ஒரு பகுதியினர் சுரங்க ரயில் பக்கம் திரும்பினார்கள் என்றும் அதே ராண்ட் ஆய்வு காட்டியது. ஓரிடத்தில் அணை போட்டால் வெள்ளம் வேறு பக்கம் உடைக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் நிர்வாகத்தின் கடமையே.

மூன்று பொருந்தினால்தான் குற்றம்

இந்த அனுபவங்களுக்கெல்லாம் பொதுவான விளக்கம் ஏதாவது உண்டா? 1979-ல் லாரன்ஸ் கோகன், மார்க்கஸ் ஃபெல்சன் என்ற இரு அமெரிக்க சமூகவியலார் எளிமையான ஒரு கருத்தைக் கூறினார்கள். ஒரு குற்றம் நடக்க மூன்று ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் கூட வேண்டும். குற்றம் செய்யத் துணிந்த ஒருவன். அவனுக்கு வசமான ஒரு பொருள் அல்லது ஆள். தடுக்கக்கூடியவர் யாரும் இல்லாத நிலை. தீ எரிய எரிபொருள், காற்று, வெப்பம் ஆகிய மூன்றும் வேண்டும் என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள். அதில் ஒன்றை நீக்கினால் தீ அணைகிறது. குற்றமும் அப்படித்தான். நியூயார்க் பஸ்ஸில் ஓட்டுநரின் பணப் பையை நீக்கினார்கள். இரண்டாவது கூறு போய்விட்டது.

மூன்றாவது கூறைக் கவனியுங்கள். 'தடுக்கக்கூடியவர்' என்பவர் போலீஸ்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. டிக்கெட் பரிசோதகர், நிலைய ஊழியர், பூ விற்கும் அம்மாள், எதிரே உட்கார்ந்திருக்கும் பயணி, எவரும் அந்த இடத்தை நிரப்பலாம். நெதர்லாந்து நாட்டார் 1980-களில் இதைச் செய்துகாட்டினார்கள். ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், ஹேக் நகரங்களின் பொதுப் போக்குவரத்தில் சுமார் 1,200 பேரை நியமித்தார்கள். பலர் வேலையில்லாத இளைஞர்கள். இவர்கள் போலீஸார் அல்லர். வழி கேட்டவர்களுக்கு வழி சொன்னார்கள், டிக்கெட் சரிபார்த்தார்கள், வண்டியில் கண்ணில் படும்படி நடமாடினார்கள். டிக்கெட் இல்லாப் பயணம் குறைந்தது. இளைஞர்களுக்கும் வேலை கிடைத்தது. நம் ஊர் பஸ்ஸில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னும் பின்னும் நடக்கும் கண்டக்டர் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

கட்டடமும் காவல் காக்கும்

ஒரு நிலையத்தைக் கட்டும் முறையிலேயே பாதுகாப்பை வைக்க முடியும். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் மெட்ரோ ரயில். அது 1976 மார்ச் 27 அன்று திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ஹாரி வீஸ் அதன் சுரங்க நிலையங்களை உயர்ந்த வளைவுக் கூரையோடு அமைத்தார். கூரையைத் தாங்கத் தூண்கள் நடைமேடையில் நிற்கவில்லை. தூண் இல்லையென்றால் அதன் பின்னால் ஒளிந்திருக்க இடமும் இல்லை! சுமார் 180 மீட்டர் நீளமுள்ள நடைமேடையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே பார்வையில் பார்க்கலாம். சுவர்கள் கைக்கு எட்டாதபடி விலகி நிற்பதால் கிறுக்க முடியாது. வீணாக உட்கார்ந்து நேரம் போக்க உணவுக் கடைகள் இல்லை. நிலையத்தின் முகப்பில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஓர் ஊழியர் இருப்பார்.

1990-களில் நான்சி லா வின் என்ற ஆய்வாளர் இந்த மெட்ரோவின் குற்றக் கணக்கை அட்லாண்டா, பாஸ்டன், சிகாகோ நகரச் சுரங்க ரயில்களோடு ஒப்பிட்டார். வாஷிங்டனில் குற்றம் குறைவாகவே இருந்தது. தெருவில் குற்றம் மிகுந்த பகுதிகளிலும் அதன் கீழே உள்ள நிலையம் அமைதியாக இருந்தது.

பணச் செலவே இல்லாத ஒரு வழியைக் கனடாவின் டொரன்டோ நகரம் கண்டது. பஸ்ஸிலிருந்து இறங்கி, இருட்டில் வீட்டுக்கு நடக்கும் தூரம்தான் பெண்களுக்கு அச்சம் தருவது. ஆகவே 1991 முதல், இரவு 9 மணிக்கு மேல் தனியே வரும் பெண் கேட்டுக்கொண்டால், இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவிலும் பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட ஏற்பாடு செய்தார்கள். இப்போது அங்கே எல்லோருக்கும் அந்த வசதி உண்டு. பயணம் என்பது வீட்டு வாசலில் தொடங்கி வீட்டு வாசலில் முடிவது என்ற உண்மையை உணர்ந்த திட்டம் இது.

கூட்டம் வேறு, காவல் வேறு

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் வண்டிகளில் ஆளுக்குப் பஞ்சமில்லை, கூட்டம்தான் மிகுதி. அப்படியானால் பாதுகாப்பும் மிகுதியாக அல்லவா இருக்க வேண்டும்? இரண்டு துயர நிகழ்ச்சிகள் இதற்கு விடை கூறுகின்றன.

2011 பிப்ரவரி 1 அன்று இரவு கேரளத்தில் எர்ணாகுளம்–ஷொர்ணூர் பாசஞ்சர் வண்டியின் கடைசிப் பெட்டியான மகளிர் பெட்டியில் ஓர் இளம்பெண் தனியாக இருந்தார். உடன் வந்த பெண்கள் முன் நிலையத்தில் இறங்கிவிட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்த ஒருவன் அவரைத் தாக்கினான். ஓடும் வண்டியிலிருந்து கீழே விழுந்து, பின் கொடுமைக்கும் ஆளான அவர் சில நாட்களில் மருத்துவமனையில் இறந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சாட்சியத்தில் ஒரு செய்தி வெளிவந்தது. அடுத்த பெட்டியில் இருந்த பயணிகளுக்கு அவருடைய அலறல் கேட்டிருக்கிறது. ஒருவர் சங்கிலியை இழுக்க முனைந்தார். கதவருகே நின்ற நடுவயதுக்காரர் ஒருவர், அந்தப் பெண் குதித்துத் தப்பிவிட்டாள் என்றும், இதில் தலையிட்டால் எல்லோரும் கோர்ட்டுக்கு அலைய வேண்டிவரும் என்றும் கூறித் தடுத்துவிட்டார். ஷொர்ணூர் வந்த பிறகே கார்டிடம் சொன்னார்கள்.

1864-ல் குரல் கேட்க வழியில்லாமல் ஒருவர் இறந்தார். 2011-ல் குரல் கேட்டது. சங்கிலியும் தலைக்கு மேலே இருந்தது. இழுக்கும் கை மட்டும் தயங்கியது. பெண்களுக்கென்று ஒதுக்கிய பெட்டி கூட்டமாக இருக்கும்போது பாதுகாப்பு. ஆள் குறைந்தபின் அதுவே தனிமைச் சிறையாகிவிடுகிறது என்ற பாடமும் இதில் உண்டு. இரவில் மகளிர் பெட்டி கார்டுக்கு அருகிலோ, காவலர் துணையோடோ இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

இரண்டாவது நிகழ்ச்சி சென்னையில் நடந்தது. 2016 ஜூன் 24 அன்று காலை, வேலைக்குச் செல்ல நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காத்திருந்த ஓர் இளம்பெண் நடைமேடையிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். சுற்றிலும் பயணிகள் இருந்தார்கள். நிலையத்தில் கண்காணிப்புக் கேமரா இல்லை. அருகிலிருந்த தெருவின் கேமராப் பதிவிலிருந்துதான் தப்பி ஓடியவனின் உருவத்தைப் பெற முடிந்தது. உயர் நீதிமன்றம் தானே முன்வந்து இதைக் கையில் எடுத்தது. விசாரணை ரயில்வே போலீஸிடமிருந்து சென்னை மாநகரப் போலீஸுக்கு மாறியது.

கேமரா இருந்திருந்தால் அந்த உயிர் பிழைத்திருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது. கேமரா பார்க்கும், எழுந்து வராது. அதன் படத்தை அந்த நேரத்தில் ஒருவர் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்; கவனித்தவர் உடனே அழைக்க நிலையத்தில் ஒரு காவலர் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேமரா குற்றத்துக்குப் பின் சாட்சி சொல்லுமே தவிர, குற்றத்தைத் தடுக்காது. சென்னை மாநகரப் பஸ்களில் 2022 முதல் கேமராவோடு அபாயப் பொத்தானையும் சேர்த்துப் பொருத்தி, கட்டுப்பாட்டு அறையோடு இணைக்கத் தொடங்கியது சரியான திசையில் ஓர் அடி. பார்க்கும் கண்ணோடு கேட்கும் காதும் சேர்கிறது.

யாரிடம் போய்ச் சொல்வது?

ரயிலில் இரண்டு வகைக் காவலர்களைப் பார்க்கிறோம். இருவரும் ஒன்று என்றே பலரும் எண்ணுகிறார்கள். ரயில்வே பாதுகாப்புப் படை மத்திய அரசைச் சேர்ந்தது. 1957-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. ரயில்வே சொத்துக்களைக் காப்பதே அதன் முதல் வேலையாக இருந்தது. பயணிகளைக் காக்கும் பொறுப்பு 2003-ல் செய்யப்பட்ட திருத்தத்தால் சேர்ந்தது. மற்றொன்று ரயில்வே போலீஸ். இது மாநில அரசின் போலீஸ் துறையின் ஒரு பிரிவு. திருட்டு, தாக்குதல், கொலை போன்ற குற்றங்களைப் பதிவு செய்து புலனாய்வு நடத்துவது இவர்கள் வேலை. நிலையத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டால் உள்ளூர் போலீஸ்.

வண்டியோ ஓரிடத்தில் நிற்பதில்லை. காட்பாடியில் பறிகொடுத்த பையைப் பற்றிச் சேலத்தில் விழித்தெழுந்த பயணி யாரிடம் புகார் கொடுப்பார்? "இது எங்கள் எல்லை அல்ல" என்று கேட்டு அலுத்துப்போய், புகாரே கொடுக்காமல் வீடு போனவர்கள் பலர். புகார் இல்லையென்றால் பதிவு இல்லை. பதிவு இல்லையென்றால், எந்த வண்டியில், எந்த நேரத்தில், எந்த இரு நிலையங்களுக்கு நடுவே திருட்டு மிகுதி என்று எப்படித் தெரியும்? காவலரை எங்கே நிறுத்துவது? நியூயார்க்கில் கணக்கு திருத்தப்பட்டது. இங்கே கணக்கு எழுதப்படாமலே போகிறது. விளைவு ஒன்றுதான்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். அவர்கள் அதைப் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். ரயில் பயணத்தில் உதவிக்கு 139 என்ற எண் இருக்கிறது. முன்பு பாதுகாப்புக்கென்று தனியாக இருந்த 182 என்ற எண் 2021-ல் இதனோடு இணைக்கப்பட்டுவிட்டது. எந்த இடத்திலும் அவசர உதவிக்கு 112.

2020-ல் ரயில்வே பாதுகாப்புப் படையினர் 'மேரி சஹேலி' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். 'என் தோழி' என்று பொருள். தொலைதூர வண்டி புறப்படும் நிலையத்தில் பெண் காவலர்கள், தனியே பயணம் செய்யும் பெண்களைச் சந்தித்து, இருக்கை எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். வழியில் உள்ள நிலையங்களுக்கு அந்த விவரம் முன்கூட்டியே போகிறது. அங்குள்ள காவலர்கள் அந்தப் பெட்டியைக் கவனித்துக்கொள்கிறார்கள். பயணம் முடிந்ததும் குறைநிறை கேட்கிறார்கள். 1845-ல் கொலைகாரனைப் பற்றிய செய்தி வண்டியை முந்திக்கொண்டு ஓடியது. இன்று காக்கப்பட வேண்டியவரைப் பற்றிய செய்தி முந்திக்கொண்டு ஓடுகிறது. அதே தத்துவம், பயன்தான் உயர்ந்திருக்கிறது.

உங்கள் பங்கு

வாசகர்களே, வெளிச்சமும் கேமராவும் காவலரும் அரசு தர வேண்டியவை. கேட்டுப் பெறுங்கள். எரியாத விளக்கையும், மூடிக் கிடக்கும் போலீஸ் உதவி அறையையும் நிலைய அதிகாரிக்கு எழுதித் தெரிவியுங்கள். சிறு திருட்டானாலும் புகார் கொடுங்கள். உங்கள் பை கிடைக்காவிட்டாலும், அந்தப் பதிவு நாளை இன்னொருவரைக் காக்கும். இரவில் காலிப் பெட்டியைத் தவிர்த்து, ஆட்கள் உள்ள பெட்டியில் ஏறுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. தக்க காரணமின்றி அபாயச் சங்கிலியை இழுப்பது ரயில்வே சட்டப்படி குற்றம். ஓராண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். இந்த எச்சரிக்கையைப் படித்துப் படித்து, சங்கிலியைத் தொடவே நாம் அஞ்சுகிறோம். சட்டம் தண்டிப்பது காரணமில்லாமல் இழுப்பவரைத்தான். பக்கத்துப் பெட்டியில் ஒருவர் அலறுவதைவிடத் தக்க காரணம் வேறு என்ன இருக்க முடியும்?

அடுத்த முறை ரயிலில் ஏறும்போது தலைக்கு மேலே உள்ள அந்தச் சிவப்புச் சங்கிலியை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். அது எங்கே இருக்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் நுழைந்ததும் நிம்மதிக்காக நீங்கள் பிறரைத் தேடுகிறீர்கள். உங்களுக்குப் பின் ஏறுகிறவர், அதே நிம்மதிக்காக உங்களைத்தான் பார்க்கிறார்.